வெளிக் குசினி: முதல் காசு மழைக்கும் உப்புக்கும்

வாசகர் கேள்வி – பதில்

கொழும்பில் வெளிக் குசினியை முதலில் கெடுப்பவை மழையும் கடல் உப்பும். அழகு பார்த்துச் செலவழித்தவர்கள் இரண்டாவது வருடமே திருத்த வேலைக்கு ஆள் தேடுவதும் அதனால்தான். இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இதைச் சுற்றியே இருக்கின்றன. ஆகவே ஒன்றாகவே எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: வீட்டின் பின்புறம் 16 அடிக்கு 12 அடி வளவு சும்மா கிடக்கிறது. மீன் பொரிப்பது, மிளகாய் வறுப்பது, மா வறுப்பது எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோக ஆசை. கையில் 8 இலட்சம் ரூபாய் இருக்கிறது. வந்து பார்த்த கொந்தராத்துக்காரர் கிரனைட் மேடையும் பேன்ட்ரி கபேர்டும் சேர்த்து ஒரே தொகையாகச் சொல்கிறார். எங்கிருந்து தொடங்குவது?
— வாசகி, தெஹிவளை

பதில்: ஒட்டுமொத்தமாகச் சொன்ன தொகைக்கு ஓம் சொல்லிவிடாதீர்கள். கூரை, தரை, மேடை, தண்ணீர், கரண்ட் என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் பொருள் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். 18 வீத வற் வரி அதற்குள் அடங்குமா என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.

உங்கள் 8 இலட்சத்தை நாங்கள் பிரிப்பதாக இருந்தால் கூரை, தூண், பீலிக்கு இரண்டரை இலட்சம் ஒதுக்குவோம். தரைக்கும் வடிகாலுக்கும் ஒன்றேகால், மேடைக்கு ஒன்றேகால். சிங்க், பைப் வேலைக்கு 60,000, கரண்டுக்கு 60,000, அடுப்புக்கும் காஸ் இணைப்புக்கும் 60,000. மிச்சம் 120,000 ரூபாயைத் தொடாமல் வையுங்கள். தோண்டும்போது பழைய பைப் அகப்படும், மதிலின் அத்திவாரம் நினைத்ததைவிட உள்ளே நீண்டிருக்கும். அந்தக் காசு அதற்குத்தான்.

பேன்ட்ரி கபேர்ட் இந்தக் கணக்கில் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அது செய்யப்படும் எம்.டி.எஃப். பலகையும் சிப்போர்டும் (மரத்தூளை அமுக்கிச் செய்தவை) வெளி ஈரத்தைத் தாங்காது. முதலில் ஓரம் ஊதும், பிறகு கீலின் திருகாணி பிடிப்பு விடும், கதவு தொங்கும். மேடைக்குக் கீழே திறந்த தட்டுகளே போதும். எலிக்கும் கரப்பானுக்கும் பயந்தால் பவுடர் கோட் செய்த அலுமினியச் சட்டத்தில் வலைக் கதவு போடுங்கள். காற்று உள்ளே போய் வந்தால்தான் பூஞ்சணம் பிடிக்காது.

இடம் முழுவதையும் மூட வேண்டாம். குசினி 10 அடிக்கு 7 அடி, கூரை 13 அடிக்கு 10 அடி. அந்த மேலதிக அடிகள் வீணல்ல. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கு மழை சரிந்து அடிக்கும். மழை அடிக்கும் பக்கத்தில் தாழ்வாரம் இரண்டு அடியாவது வெளியே நிற்காவிட்டால் அடுப்பு நனையும். மேற்கு, தென்மேற்குப் பக்கத்தில் இடுப்பளவு சுவரும் அதற்கு மேல் காற்றுக் கல்லும் வையுங்கள், மற்ற இரண்டு பக்கங்களாவது திறந்திருக்கட்டும். பெருமழை நாட்களுக்குச் சுருட்டி இறக்கக்கூடிய படங்கு ஒன்று போதும்.

தரை வீட்டுத் தரையைவிட 4 முதல் 6 அங்குலம் தாழ்வாக இருக்க வேண்டும். 5 அடிக்கு ஒரு அங்குலம் என்ற கணக்கில் வீட்டிலிருந்து வெளிப்பக்கமாகச் சரிவு. மேசன் நூல் பிடித்து முடித்ததும் ஒரு வாளி தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். எங்காவது குட்டையாக நின்றால் டைல்ஸ் ஒட்டுமுன் திருத்தச் சொல்லுங்கள், ஒட்டிய பிறகு அதற்கு வழியில்லை. பளபளப்பான டைல்ஸ் வேண்டாம். எண்ணெயும் மழையும் சேர்ந்த தரையில் அது ஆளைச் சறுக்கி விழுத்தும்.

சிங்கிலிருந்து வரும் தண்ணீரை நேரே கானுக்கு விடாதீர்கள். ஏறத்தாழ 50 லீற்றர் கொள்ளும் சிறிய எண்ணெய்த் தொட்டி ஒன்றைத் தரையோடு கட்டி, உள்வரும் பைப்புக்கும் வெளிச்செல்லும் பைப்புக்கும் கீழ்நோக்கிய 'டீ' (T வடிவ இணைப்பு) பொருத்துங்கள். எண்ணெய் மேலே மிதந்து நின்றுவிடும், அடியிலுள்ள தண்ணீர் மட்டும் போகும். இரண்டு வாரத்துக்கொரு தடவை மேலே படியும் கொழுப்பை அள்ளி, பழைய பத்திரிகையில் சுற்றிக் குப்பைக்குப் போடுங்கள். அள்ளாமல் விட்ட தொட்டி இல்லாததற்குச் சமம். கூரைத் தண்ணீரை இந்தத் தொட்டிக்குள் விடவே கூடாது. ஒரு பெருமழையில் தேங்கிய கொழுப்பு முழுவதும் அடித்துக்கொண்டு போய்ப் பைப்பை அடைக்கும்.

இனி மேடை. 8 அடி நீளம், 2 அடி அகலம், 34 அங்குல உயரம். கீழே மூன்று தாங்கு சுவர்கள். உடைவு சேர்த்து 4 அங்குல சீமெந்துக் கல் 30 வரை போகும். மேலே 4 அங்குலக் கொங்கிறீற் தட்டு. சீமெந்து ஒன்று, மணல் ஒன்றரை, முக்கால் அங்குலச் சல்லி மூன்று என்ற கலவையில் தட்டுக்கு மட்டும் 50 கிலோ சீமெந்து ஒன்றேகால் மூடை அளவு வேண்டும். கல் வேலைக்கும் பூச்சுக்கும் இன்னும் இரண்டு மூன்று மூடைகள். கம்பி 10 மில்லிமீற்றரில் 6 மீற்றர் நீளமானவை 4 வாங்கினால் போதும். நீளவாக்கில் ஐந்து, குறுக்கே அரை அடிக்கு ஒன்று. நடுத் தாங்கு சுவருக்கு மேல் தட்டின் மேற்பக்கத்திலும் 3 அடித் துண்டுகள் இரண்டு வேண்டும், அவற்றுக்குத் துண்டுக் கம்பி கேட்டு வாங்கலாம். அந்த இடத்தில் மேலிருந்துதான் வெடிப்பு வரும்.

எல்லோரும் 3 அங்குலத் தட்டுப் போடும்போது உங்களுக்கு ஏன் 4? கம்பிக்குக் கீழே ஒன்றரை அங்குலக் கொங்கிறீற் இருக்க வேண்டும் என்பதற்காக. கடலோரக் காற்றில் உப்பு கொங்கிறீற்றுக்குள் மெல்ல இறங்கும். கம்பியைத் தொட்டதும் துரு பிடிக்கும், துருப்பிடித்த கம்பி பருத்து அடிப்பக்கத்தைப் பெயர்க்கும். பழைய வீடுகளின் சிலாப்பில் கம்பி தெரிய விழுந்திருக்கிறதே, அதே நோய்தான். இதனாலேயே கழுவாத கடல் மணலைக் கம்பி போட்ட எந்த வேலைக்கும் பாவிக்கக்கூடாது. மணல் எங்கிருந்து வந்தது, கழுவியதா என்று கேட்டு, பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். வார்த்த பிறகு ஏழு நாள் சாக்குப் போட்டு நனைத்து வையுங்கள். மேடையை மதிலோடு பிணைக்க வேண்டாம். இரண்டும் ஒரேயளவு இறங்காது, இடையில் அரை அங்குலம் விட்டு சிலிக்கன் வையுங்கள்.

கிரனைட் ஆசை இருந்தால் அது கடைசியில் வரட்டும். இப்போதைக்கு மேடைக்கு டைல்ஸ், இடையில் இப்பொக்சி பூச்சு. சாதாரண வெள்ளைச் சீமெந்துப் பூச்சு எண்ணெயையும் மஞ்சளையும் குடித்துக் கறுத்துவிடும்.

வேலையை ஜனவரி, பெப்ரவரியில் வைத்துக்கொள்ளுங்கள், கொழும்பில் மழை குறைந்த மாதங்கள் அவை. முற்பணம் ஐந்திலொன்றுக்கு மேல் வேண்டாம். அத்திவாரமும் தரையும், மேடை, கூரை என்று முடிய முடியக் கொடுங்கள். கடைசிப் பத்து வீதத்தை முதல் பெருமழை கழிந்த பிறகு தருவதாக எழுத்திலேயே பேசிவையுங்கள். இதற்கு உடன்படாதவரிடம் வேலையைக் கொடுக்க நாங்கள் சொல்லமாட்டோம்.

கேள்வி: காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கையில் வீடு. வெளிக் குசினிக்கு வாங்கிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மேசையும் சிங்கும் எட்டு மாதத்தில் மண்ணிறமாகிவிட்டன. கடைக்காரர் காந்தம் வைத்துக் காட்டித்தான் 304 தர ஸ்டீல் என்று விற்றார். ஏமாற்றிவிட்டாரா?
— வாசகர், வெள்ளவத்தை

பதில்: இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். காந்தச் சோதனை பாதி உண்மையைத்தான் சொல்லும். காந்தம் நன்றாக ஒட்டினால் அது 430 போன்ற மலிவு வகை. ஒட்டாவிட்டால் 304 என்று முடிவுகட்ட முடியாது, 201 வகைக்கும் ஒட்டாது. 304இல் ஏறத்தாழ 18 வீதம் குரோமியமும் 8 வீதம் நிக்கலும் உண்டு. 201இல் விலை குறைப்பதற்காக நிக்கலில் பாதியளவை எடுத்துவிட்டு மங்கனீசு சேர்க்கிறார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. வெல்டிங் பட்டறைகள் சிலவற்றில் இதைப் பிரித்துக் காட்டும் சோதனைத் திரவம் வைத்திருப்பார்கள், ஒரு துளி விட்டால் நிறம் மாறும். வாங்குமுன் அந்தச் சோதனையைக் கேளுங்கள்.

உண்மையான 304 ஆனாலும் உங்கள் ஒழுங்கையில் மண்ணிறம் வரும். கரையில் அலை உடையும்போது எழும் உப்புத் துமி, கடலிலிருந்து முதல் சில நூறு மீற்றருக்குள் மிக அதிகமாகப் படியும். பலர் எதிர்பாராத விடயம் ஒன்று உண்டு: மழை படும் இடத்தைவிட கூரைக்குக் கீழே இருக்கும் ஸ்டீல்தான் வேகமாகக் கறை பிடிக்கும். மழை உப்பைக் கழுவிவிடும், கூரைக்குக் கீழே கழுவ ஒன்றுமில்லை. இரவு ஈரத்தில் அந்த உப்பு கரைந்து பகலில் காய்ந்து திரும்பத் திரும்ப ஒரே இடத்தைத் தின்னும். மேசையின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். வெல்டிங் கோட்டிலும் திருகாணியைச் சுற்றியும்தான் முதலில் சொரசொரப்புத் தட்டும்.

கடலுக்கு இவ்வளவு கிட்டத்தில் 316 வகைதான் பொருத்தம். அதில் 2 முதல் 3 வீதம் மொலிப்டினம் இருப்பதால் உப்பு துளையிடுவதை நன்றாகத் தாங்கும். விலை கூட. ஆகவே ஸ்டீலையே குறைத்துவிடுங்கள் என்பதுதான் எங்கள் ஆலோசனை. மேடை கொங்கிறீற்றும் டைல்ஸும், சிங்க் மட்டும் 316 அல்லது தடித்த 304, அதாவது 1.2 மில்லிமீற்றர் தகடு. குழாய் பித்தளையில் வார்த்தது. முலாம் பூசிய ஈய நிறக் கலப்புலோகக் குழாய்கள் கையில் இலேசாக இருக்கும், தூக்கிப் பார்த்தாலே தெரியும். அவை உள்ளிருந்து பொரிந்துவிடும்.

இருக்கிற மேசையைக் காப்பாற்றலாம். தேசிக்காய்ச் சாற்றைத் துணியில் தொட்டு ஸ்டீலின் கோடு ஓடும் திசையிலேயே தேயுங்கள், பிறகு நல்ல தண்ணீரால் கழுவித் துடையுங்கள். அதன் பின் வாரத்துக்கொரு தடவை சவர்க்காரத் தண்ணீரும் நல்ல தண்ணீரும். இரும்புக் கம்பி நாரைத் தொடவே வேண்டாம். அது விட்டுப்போகும் நுண் இரும்புத் துகளே புதுத் துருப் புள்ளியாகும். குளோரின் கலந்த வெளுப்புத் திரவங்களும் வேண்டாம். பக்கத்தில் யாராவது இரும்பு அறுக்கும்போது பறக்கும் பொறிகளும் கறையைத் தொடக்கும், அந்நேரம் மேசையை மூடிவையுங்கள்.

கேள்வி: வெளிச்சம் வேண்டுமென்று பொலிகார்பனேற் கூரை போட யோசிக்கிறோம். சரியா?
— வாசகி, ராஜகிரிய

பதில்: அடுப்புக்கு மேல் வேண்டாம். எண்ணெய்ப் புகை படிந்து சில மாதத்தில் மங்கும், வெயிலில் கீழே நிற்க முடியாத புழுக்கம், சூட்டில் நெளியும். இரட்டைச் சுவர் சீற்றின் ஓரங்களை நாடா போட்டு அடைக்காவிட்டால் அந்தக் குழல்களுக்குள் பாசி வளரும், அதைக் கழுவ முடியாது. நாகமும் அலுமினியமும் கலந்த முலாமிட்டு நிறம் பூசிய தகட்டுச் சீற், 0.47 மில்லிமீற்றர் தடிப்பில் போடுங்கள். சிங்குக்கு மேல் மட்டும் ஒரு பொலிகார்பனேற் துண்டு வைத்தால் வெளிச்சம் கிடைக்கும். புற ஊதாப் பூச்சுள்ள பக்கம் மேலே வர வேண்டும், பாதுகாப்பு உறையில் அச்சிட்டிருப்பார்கள். உறையைக் கழற்றுமுன் அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள்.

10 அடிக்கு ஒன்றரை அடி சரிவு. முதல் கேள்வியில் சொன்ன 13 அடிக்கு 10 அடிக் கூரையில் ஒரு மணித்தியாலத்தில் 50 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 600 லீற்றர் தண்ணீர் இறங்கும். கொழும்பில் ஒக்டோபர், நவம்பர் பின்னேர இடிமழைக்கு இது புதினமில்லை. பீலி 5 அங்குலத்துக்குக் குறையக்கூடாது, இறங்கு பைப் 3 அங்குலம். பீலி எங்கும் தொய்யாமல் இரண்டு அடிக்கொரு கொளுவி. தொய்ந்த இடத்தில் தேங்கும் தண்ணீரில் டெங்கு நுளம்பு ஒரு வாரம், பத்து நாளில் முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வந்துவிடும். பொது சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்க்கும்வரை காத்திருக்காமல், மழைக்காலத்தில் வாரந்தோறும் நீங்களே ஏறிப் பாருங்கள்.

தூண்களுக்கு சூட்டில் நாகமுலாம் தோய்த்த ஜீ.ஐ. குழாய். சாதாரண பொக்ஸ் பாருக்கு மேலே பெயின்ட் அடித்தாலும் உள்ளிருந்து துரு வரும். வெல்டிங் செய்த இடத்தில் முலாம் எரிந்துபோயிருக்கும், அங்கே நாகம் நிறைந்த பெயின்ட் இரண்டு பூச்சு. தூணின் அடியைத் தரைக்குள் புதைக்காமல் 6 அங்குலக் கொங்கிறீற் குற்றியின்மேல் தகடு போட்டு நிறுத்துங்கள். தரைமட்டத்தில் தண்ணீர் நிற்கும் அந்த இரண்டு அங்குலத்தில்தான் தூண்கள் அறுந்து விழுகின்றன.

கேள்வி: 2022இல் காஸ் வரிசையில் நின்றதற்குப் பிறகு விறகு அடுப்பும் வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக இருக்கிறார். கொங்கிறீற் மேடையிலேயே வைக்கலாமா? காஸ் சிலிண்டரை மேடைக்குக் கீழே மூடி வைப்பது நல்லதா?
— வாசகர், வத்தளை

பதில்: அம்மா சொல்வது சரி. மாவும் மிளகாயும் வறுக்க, பெரிய சட்டியில் கறி வைக்க விறகுக்கு ஈடில்லை. ஆனால் கொங்கிறீற்றின் மேல் நேரே நெருப்பு மூட்டக்கூடாது. உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி மேற்பரப்பைச் செதில் செதிலாகப் பெயர்க்கும். இரண்டு அங்குல மணல், அதன்மேல் செங்கல் ஒரு வரி, அதன்மேல் அடுப்பு. இரண்டு பானை வைக்கும் அனகி களிமண் அடுப்பு வாங்கி, சுற்றிவரச் செங்கல் வைத்துக் களிமண்ணும் சாம்பலும் குழைத்துப் பூசுங்கள். சீமெந்துப் பூச்சு சூட்டில் வெடிக்கும். இதற்குத் தனி மேடை கட்டி, அதன் உயரம் காஸ் மேடையைவிட ஓரடி குறைவாக இருந்தால் பெரிய சட்டியைக் கிண்டும்போது தோள் நோகாது.

புகைபோக்கி 6 அங்குலக் குழாய், கூரைக்கு மேல் 3 அடி உயர வேண்டும். கூரையைத் துளைக்கும் இடத்தில் தகட்டுக் கொலர் வைத்துச் சூடு தாங்கும் சிலிக்கன் பூசுங்கள். பக்கத்து வீட்டு யன்னல் எந்த உயரத்தில் என்று பார்த்த பிறகே இடத்தைத் தீர்மானியுங்கள். இறப்பர், கறுவா விறகையும் சிரட்டையையும் தரையிலிருந்து அரை அடி உயர்ந்த தட்டில், இரு பக்கமும் காற்றுப் படும்படி அடுக்குங்கள். ஈர விறகு சமைப்பதைவிடப் புகைப்பதே அதிகம்.

சிலிண்டரை மூடி வைப்பது ஆபத்து. எல்.பி. காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு பரவிப் பள்ளத்தில் தேங்கும். 2021 இறுதியில் நாட்டின் பல இடங்களில் அடுத்தடுத்து நடந்த வெடிப்புகளை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 12.5 கிலோ சிலிண்டரை நிமிர்த்தி, நிழலில், அடுப்பிலிருந்து ஒரு மீற்றராவது தள்ளி, நான்கு பக்கமும் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். விறகு அடுப்பு இருப்பதால் உங்களுக்கு அந்தத் தூரம் இன்னும் கூட வேண்டும், எதிர்ப்பக்க மூலையே நல்லது. பக்கத்தில் கான் மூடியோ குழியோ இருக்கக்கூடாது. தரையில் நேரே வைத்தால் அடி வளையம் ஈரத்தில் துருப்பிடிக்கும், 4 அங்குல மேடை ஒன்று கட்டிவிடுங்கள். ஒவ்வொரு சிலிண்டர் மாற்றும்போதும் ரெகுலேற்றர் வாயிலும் குழாய் முனைகளிலும் சவர்க்கார நுரை தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் கசிவு. இறப்பர் குழாயை இரண்டு வருடத்துக்கொரு முறை, வெடிப்புத் தெரிந்தால் உடனே மாற்றுங்கள். காற்றில் சுவாலை அணைந்து காஸ் மட்டும் போவது வெளிக் குசினிக்கே உரிய ஆபத்து. அடுப்புக்கு மூன்று பக்கமும் 10 அங்குலத் தகட்டு மறைப்பு வையுங்கள், சுவாலை அணைந்தால் காஸைத் தானே நிறுத்தும் அடுப்பாகப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: கிறைண்டருக்கும் சின்னக் குளிர்சாதனப் பெட்டிக்கும் வெளியே பிளக் பொயின்ட் வேண்டும். வீட்டிலிருந்து வயர் இழுத்தால் போதாதா?
— வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: போதாது. நனைந்த தரையில் வெறுங்காலோடு நின்று கிறைண்டர் தொடுகிறீர்கள். பிரதான பெட்டியிலிருந்து தனி இணைப்பு, அதற்கு 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச், முறையான ஏர்த். மூடியுள்ள ஐ.பி. 65 தர (தூசியும் தெறிக்கும் தண்ணீரும் புகாத) 13 அம்பியர் பிளக் பொயின்ட், தரையிலிருந்து 4 அடி உயரத்தில், சிங்கிலிருந்து எட்டாத தூரத்தில். ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை மாதம் ஒரு தடவை அழுத்துங்கள், விழாவிட்டால் அன்றே மாற்றுங்கள். குளிர்சாதனப் பெட்டி உள்ளேயே இருக்கட்டும். வெளி ஈரத்தில் கதவு இறப்பரில் பூஞ்சணமும் பின்பக்கக் குழாயில் துருவும் வரும், கரண்ட் பில்லும் ஏறும்.

கேள்வி: பின்பக்கத்தில் கூரை மட்டும்தானே போடுகிறோம். மாநகர சபை அனுமதி வேண்டுமா?
— வாசகர், மட்டக்குளி

பதில்: நிரந்தரக் கூரை என்றால் கேட்டுவிட்டே தொடங்குங்கள். அனுமதி பெற்ற வரைபடத்தில் பின்புறத் திறந்தவெளி என்று விட்டிருக்கும் இடத்தை மூடினால், பிறகு வீட்டை விற்கும்போதோ வங்கிக் கடன் கேட்கும்போதோ இணக்கச் சான்றிதழில் சிக்கல் வரும். வரைபடத்தின் பிரதியோடு மாநகர சபையின் திட்டமிடல் பிரிவுக்குப் போங்கள். ஒரு காலை நேரத்து வேலை அது. பக்கத்து வீட்டாரிடமும் புகைபோக்கி எங்கே வருகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: அடுக்குமாடியில் நான்காம் மாடி பல்கனி. சின்னதாக ஒரு காஸ் அடுப்பு வைக்கலாமா?
— வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: வேண்டாம். காற்றும் ஒடுங்கிய இடமும் சேர்ந்தால் காஸ் நம்பத்தகாதது, அடுக்குமாடி நிர்வாகமும் பெரும்பாலும் விடாது. 2,000 வாற்று இன்டக்ஷன் அடுப்பு 230 வோல்ட்டில் ஏறத்தாழ 9 அம்பியர்தான் எடுக்கும், 13 அம்பியர் பிளக் பொயின்ட் ஒன்று தாங்கும். மீன் பொரித்து முடிந்ததும் உள்ளே எடுத்துவிடுங்கள். அதன் காற்றாடித் துளைக்குள் உப்புக் காற்று போனால் மின்சுற்றுத் தட்டு விரைவில் பழுதாகும்.